டாம் தாம்சன்: வடகாட்டை வரைந்தவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவுக்கு வரும் நண்பர்களையும் உறவினர்களையும் நயாகரா பார்த்து முடித்த மறுநாள் ஓவியக்கூடத்துக்கு அழைத்துப் போவது என் வழக்கம். அங்கே டாம் தாம்சனின் சின்னச் சின்னப் பலகைகள் தொங்கும் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நின்ற நிலையில் சொல்லி முடிக்க முடியாத பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இந்த டாம் தாம்சன்?

கனடாவின் நிலக்காட்சி ஓவியர். 1877 ஆகஸ்ட் 5 அன்று ஒன்டாரியோ மாகாணத்தின் கிளேர்மாண்ட் என்ற ஊரில் பிறந்தார். 1917 ஜூலையில், நாற்பது வயது நிறையச் சில வாரங்களே இருந்தபோது, அல்கொன்கின் பூங்காவில் உள்ள கனூ ஏரியில் இறந்தார். இன்று நாம் அவரை நினைக்கக் காரணமான ஓவியங்கள் எல்லாமே கடைசி ஐந்து வருடங்களில் வரைந்தவை. முப்பத்தைந்து வயது வரை அவர் விளம்பரங்களுக்கு எழுத்து வரையும் ஒரு கம்பெனி ஊழியர். அதன்பின் 1912 முதல் 1917 வரை சுமார் 400 சிறிய எண்ணெய்வண்ணப் பலகைகளும் 50 அளவில் கேன்வாஸ் ஓவியங்களும் வரைந்தார். கனடியர்கள் தங்கள் நாட்டுக் காட்டைக் கற்பனை செய்யும் விதத்தையே இந்த ஐந்து வருட வேலை மாற்றிவிட்டது.

அவர் வரைந்த 'வடக்கு' எது? துருவப் பகுதியா?

இல்லை. டொராண்டோவிலிருந்து காரில் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் அங்கே போய்விடலாம். அல்கொன்கின் பூங்கா ஏறக்குறைய 45½ டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. இத்தாலியின் மிலான் நகரமும் கிட்டத்தட்ட அதே கோட்டில்தான். ஆனால் டொராண்டோ ஓவியர்களுக்கு நகரமும் வயலும் முடிந்து பாறையும் ஏரியும் ஊசியிலை மரமும் தொடங்கும் இடமே வடக்கு. தாம்சனின் பல படங்களின் தலைப்பிலும் அந்தச் சொல் வருகிறது: 'வட ஏரி', 'வட ஆறு', 'வடநாட்டில்'.

அந்த நிலத்தின் அடியில் கிடப்பது உலகின் மிகப் பழைய பாறைகளில் ஒன்றான கனடியக் கேடயப் பாறை. மேலே மண் மெல்லிசாகத்தான் இருக்கிறது. பள்ளமெல்லாம் பனியாறு சுரண்டிப்போட்டது, அதில் நிறைந்த தண்ணீர் ஏரியானது. நவம்பரில் உறையும் ஏரி ஏப்ரல் கடைசியில் அல்லது மே தொடக்கத்தில்தான் உடையும். பனி உடையும் அந்த இரண்டு மூன்று வாரங்களும் இலை சிவக்கும் அக்டோபரும் தாம்சனுக்கு மிகப் பிடித்தமானவை.

சிறுவயதில் என்ன செய்தார்?

பத்துப் பிள்ளைகளில் ஆறாவது பிள்ளை. கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஓவன் சவுண்ட் பக்கத்தில் லீத் என்ற ஊரின் பண்ணைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஜார்ஜியன் விரிகுடாவின் கரை அது. உடம்பு சரியில்லாமல் ஒரு காலம் பள்ளிக்குப் போகாமல் இருந்தார். அந்த நாட்களில் மீன்பிடிப்பும் காட்டில் அலைவதும்தான் பாடம். வில்லியம் பிராடி என்ற இயற்கையியலாளர் அவர்களுக்கு உறவினர். பூச்சிகளும் செடிகளும் சேகரிக்க அவரோடு போய்ப் பழகியதால், எதையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் தாம்சனுக்கு இளவயதிலேயே வந்துவிட்டது. பிற்காலத்தில் ஒரு மரத்தின் நிழல் வடிவத்தை வைத்தே அது ஸ்புரூஸா பைனா பிர்ச்சா என்று சொல்லிவிடலாம் என்ற அளவுக்கு அவர் வரைந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்புறம் சில வருடங்கள் எதிலும் நிலைக்கவில்லை. 1899-இல் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்து விலகினார். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் போக விரும்பினார், எடுத்துக்கொள்ளவில்லை. வணிகக் கல்லூரியில் படித்தார். 1901-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக்குப் போய், அண்ணன் நடத்திய வணிகப் பள்ளியில் சேர்ந்து, அச்சுக்கு எழுத்தும் படமும் வரையும் வேலை கற்றுக்கொண்டார். 1905 வாக்கில் கனடாவுக்குத் திரும்பிவிட்டார்.

முறையாக ஓவியம் படித்தாரா?

மிகக் கொஞ்சம். டொராண்டோவில் சில மாலை வகுப்புகள், அவ்வளவுதான். உண்மையான பள்ளிக்கூடம் என்று சொன்னால் அது கிரிப் என்ற அச்சு வடிவமைப்பு நிறுவனம். 1909 வாக்கில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். ஜே. ஈ. எச். மக்டொனால்டு அங்கே மூத்த வடிவமைப்பாளர். ஆர்தர் லிஸ்மர், ஃபிரெட் வார்லி, ஃபிராங்க்ளின் கார்மைக்கேல், ஃபிராங்க் ஜான்ஸ்டன் ஆகியோரும் அடுத்தடுத்து அங்கே வேலை செய்தவர்கள். வாரமெல்லாம் விளம்பரம் வரைந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வண்ணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்ப்புறம் போவார்கள்.

விளம்பர வேலை அவருக்குப் பெரிய சொத்து. கோட்டை எங்கே வளைக்க வேண்டும், ஒரு வெற்றிடத்தை எப்படி நிரப்பாமல் விட வேண்டும் என்பதையெல்லாம் அந்த மேசையில்தான் கற்றார். அன்று அச்சு அலங்காரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆர்ட் நூவோ பாணியின் கொடிபோன்ற வளைவுகளை அவருடைய பைன் கிளைகளில் இன்றும் பார்க்கலாம்.

அல்கொன்கின் பூங்காவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்?

1912 மே மாதத்தில், கிரிப்பில் உடன் வேலை பார்த்த பென் ஜாக்சனோடு முதல்முறை போனார். பூங்கா 1893-இல் உருவாக்கப்பட்டது. அதன் வழியாக ரயில் ஓடியதால் கனூ ஏரி வரைக்கும் எளிதாகப் போக முடிந்தது. அதே வருடம் வில்லியம் பிராட்ஹெட் என்ற நண்பரோடு இன்னும் வடமேற்கே, மிசிசாகி வனப்பகுதியில் வாரக்கணக்கில் படகுப் பயணம். வழியில் படகு கவிழ்ந்து, எடுத்த புகைப்படங்களில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விட்டது. ஆனால் கொண்டுவந்த அனுபவத்தை வைத்து அந்தக் குளிர்காலத்தில் 'வட ஏரி' என்ற கேன்வாஸை வரைந்தார். 1913-இல் அதை ஒன்டாரியோ அரசு 250 டாலருக்கு வாங்கியது. அதுவரை ஓவியராகப் பெயரே இல்லாத ஒருவருக்கு அது பெரிய தொகை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரே சுழற்சிதான். பனி உடைவதற்கு முன்பே காட்டுக்குப் போய்விடுவார். இலையுதிர் காலம் முடிந்து உறைபனி தொடங்கும்போது டொராண்டோ திரும்புவார்.

வருமானம்? யாராவது ஆதரித்தார்களா?

ஜேம்ஸ் மக்கலம் என்ற கண் மருத்துவர் ஆதரித்தார். தாம்சனையும் ஏ. ஒய். ஜாக்சன் என்ற இன்னொரு ஓவியரையும் ஒரு வருடம் முழுநேர ஓவியர்களாக இருந்து பாருங்கள், செலவு என்னுடையது என்று அவர் சொன்னதால்தான் தாம்சன் வேலையை விட முடிந்தது. மக்கலமும், பெரிய விவசாயக் கருவி நிறுவனக் குடும்பத்தில் பிறந்த ஓவியர் லாரன் ஹாரிஸும் சேர்ந்து டொராண்டோவில் ஓவியர்களுக்கென்றே ஒரு கட்டடம் கட்டினார்கள். ஸ்டூடியோ பில்டிங் என்று பெயர், இன்றும் இருக்கிறது. தாம்சன் கொஞ்ச காலம் அதற்குள் இருந்துவிட்டு, 1915 கடைசியில் அதன் பின்புறம் இருந்த பழைய மரக்கொட்டகைக்கு மாறினார். மாத வாடகை ஒரு டாலர். பெரிய ஓவியங்கள் சில அந்தக் கொட்டகையில் உருவானவைதான்.

கோடையில் வழிகாட்டியாக, மீன்பிடிக்க வருபவர்களைக் கூட்டிப்போய்க் கொஞ்சம் சம்பாதித்தார். 1916-இல் பூங்காவின் கிழக்குப் பகுதியில் அக்ரே என்ற இடத்தில் காட்டுத்தீக் காவலராக வேலை பார்த்தார். தேசியக் கலைக்கூடம் 1914-இல் 'நிலவொளி'யை 150 டாலருக்கும் 1915-இல் 'வட ஆறு' ஓவியத்தை 500 டாலருக்கும் வாங்கியது. நம்மில் பலர் நினைப்பதுபோல உயிரோடு இருந்தவரை யாரும் கண்டுகொள்ளாத கலைஞர் அல்ல அவர்.

எப்படி வரைந்தார்? அந்தச் சின்னப் பலகைகள் எதற்கு?

என்னைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

தாம்சனின் வழக்கமான பலகை ஏறக்குறைய 21½ செ.மீ. உயரம், 26½ செ.மீ. அகலம். ஒரு பள்ளிக்கூட நோட்டை விரித்து வைத்ததைவிடச் சிறியது. கையில் ஒரு மரப்பெட்டி. திறந்தால் கீழ்ப்பாதியில் வண்ணக்குழாய்களும் கலவைத் தட்டும், மூடியில் பலகையைச் செருக வரிப்பள்ளங்கள். வரைந்த பலகை ஈரமாக இருந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் அந்தப் பள்ளங்களில் நிற்கும். எண்ணெய்வண்ணம் காய நாட்கள் ஆகும், படகில் பயணம் செய்பவர் அதுவரை காத்திருக்க முடியாது. அதனால்தான் இந்த ஏற்பாடு. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பாறை மேலோ படகிலோ உட்கார்ந்து ஒரே அமர்வில் முடித்துவிடுவார். மேகம் நகர்ந்துவிடும், வெளிச்சம் மாறிவிடும், குளிரில் விரல் விறைத்துவிடும். திருத்தவோ மறுபடி தொடவோ நேரமில்லை.

கிட்டப் போய்ப் பாருங்கள். மரம் என்று நினைத்தது நான்கு தீற்றல். ஏரியில் விழும் பிரதிபலிப்பு பக்கவாட்டில் ஒரே இழுப்பு. பல இடங்களில் பலகையின் மரநிறம் வண்ணமில்லாமல் அப்படியே தெரியும். அதை அவர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். பழுப்பு மரநிறமே மண்ணாகவும் மரப்பட்டையாகவும் வேலை செய்கிறது. மேகம் இருக்கும் இடத்தில் வண்ணம் வெண்ணெய்போலக் கெட்டியாக எழுந்து நிற்கிறது. மூன்றடி பின்னால் வந்தால் எல்லாம் கூடிக் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கிறது. தூரிகையின் ஓட்டத்தை வைத்தே அன்று காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது.

1917 வசந்தத்தில் அவர் தினமும் ஒரு பலகையாக, பனி உருகுவதிலிருந்து தளிர் விடுவது வரை வானிலையையும் நிறமாற்றத்தையும் பதிவு செய்துவந்தார் என்று பூங்காக் காவலர் மார்க் ராபின்சன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 62 பலகைகள் என்பது அவர் சொன்ன கணக்கு. நாட்குறிப்பு எழுதுவதுபோல ஓவியம்! ஒரு நிலத்தின்மேல் இருந்த பற்றுக்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

அப்படியானால் பெரிய ஓவியங்கள்?

அவை குளிர்காலத்தில் டொராண்டோவில், கோடையில் வரைந்த பலகையை முன்னால் வைத்துக்கொண்டு நிதானமாக வரைந்தவை. மூன்றைப் பார்த்தால் போதும், அவருடைய வளர்ச்சி புரிந்துவிடும்.

'வட ஆறு' 1914–15-இல் வரைந்தது. முன்னால் கறுத்த ஸ்புரூஸ் மரங்கள் ஜன்னல் கம்பிபோல நிற்கின்றன, அவற்றுக்குப் பின்னால் ஆறு அந்தி நிறத்தில் ஒளிர்கிறது. இதைச் 'சதுப்புப் படம்' என்றுதான் அவர் குறிப்பிடுவார். கிரிப் மேசையில் கற்ற அலங்காரக் கோடு இதில் பளிச்சென்று தெரிகிறது.

'ஜாக் பைன்' 1916–17. இதற்கான பலகையை அக்ரே பக்கத்தில் கிராண்ட் ஏரிக் கரையில் வரைந்தார். அது இப்போது ஒன்டாரியோவின் குவீன்ஸ்டன் ஊரில் உள்ள ரிவர்பிரிங்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. பலகையில் வானம் கலங்கியிருக்கிறது. கேன்வாஸிலோ வானமும் ஏரியும் அகலமான கிடைக்கோடுகளாக அமைதியாகிவிட்டன. நடுவில் ஒற்றை மரம், கிளைகள் தோரணம்போலத் தொங்குகின்றன. மரத்தின் ஓரங்களில் அடிப்பூச்சாகக் கொடுத்த சிவப்பு எட்டிப்பார்க்கிறது. அச்சுப் படங்களில் அந்தச் சிவப்பு சரியாக வருவதே இல்லை, நேரில் பார்த்தால்தான் அது எரிகிறது. ஜாக் பைன் மரமும் நெருப்போடு தொடர்புடையதுதான். அதன் கூம்புக் காய்கள் பிசினால் மூடியிருக்கும், காட்டுத்தீயின் சூட்டில்தான் பெரும்பாலும் திறந்து விதையைக் கொட்டும்.

'மேற்குக் காற்று' அதே குளிர்காலம். பாறையில் வேர் பிடித்த பைன் காற்றில் வளைந்து நிற்கிறது, பின்னால் ஏரி அலையடிக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் எது சிறந்தது என்று கனடியர்கள் சண்டை போடுவார்கள். எனக்கு ஜாக் பைன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய கேன்வாஸ்கள் அழகாக யோசித்தவை. பலகைகளில் யோசனைக்கு முந்திய ஏதோ ஒன்று இருக்கிறது. தாம்சனை அறிய ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அதில் முக்கால் மணியைப் பலகைகளுக்குக் கொடுங்கள்.

மனிதர் கால் படாத காட்டை வரைந்தவர் என்கிறார்களே?

இது தவறு. தாம்சனுக்கே அநியாயம் செய்யும் தவறு என்றும் சொல்வேன். அவர் பார்த்த காடு பல பத்தாண்டுகளாக வெட்டப்பட்ட காடு. கனூ ஏரியில் கில்மோர் என்ற மரவெட்டு நிறுவனம் பெரிய ஆலை வைத்து, நொடித்துப் போயிருந்தது. அந்த ஆலைக் குடியிருப்பு மிஞ்சிய இடம்தான் மோவாட். தாம்சன் தங்கிய மோவாட் விடுதியே அந்தக் கம்பெனியின் பழைய கட்டடம். கட்டைகளை மிதக்கவிட அணைகள் கட்டியதால் ஏரிகளின் நீர்மட்டம் உயர்ந்து, கரையோர மரங்கள் நின்ற இடத்திலேயே மூழ்கிச் செத்து வெளிறி நின்றன. தீ பிடித்த மலைகள் கருகிக் கிடந்தன. அவர் போன ரயில் பாதையே மரம் ஏற்றிப்போகப் போட்டதுதான்.

தாம்சன் இதையெல்லாம் மறைக்கவில்லை. 'மூழ்கிய நிலம்', 'தீ தின்ற மலைகள்', 'டீ ஏரி அணை', கட்டைகளை நீரில் ஓட்டிச் செல்வதைக் காட்டும் 'தி டிரைவ்', மரவெட்டிகளின் படகுகள் என்று எல்லாவற்றையும் வரைந்திருக்கிறார். 'தீ தின்ற மலைகள்' பலகையில் கருகிய கம்பங்களும் அவற்றுக்கடியில் பிதுங்கும் செம்மண் நிறங்களும் பார்க்கச் சங்கடமாகவே இருக்கும். பின்னால் வந்தவர்கள்தான் பைன் மரத்தை மட்டும் நாட்காட்டியில் போட்டுக் கன்னிக்காடு என்ற கதையைக் கட்டினார்கள்.

இன்னொன்று. அது யாருமில்லாத நிலமும் அல்ல. அல்கொன்கின் மக்கள் உள்ளிட்ட அனிஷினாபெ இனத்தவர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே வேட்டையாடி, மீன்பிடித்து, படகோட்டி வாழ்ந்த பூமி. பூங்காவுக்கு அவர்கள் பெயரை வைத்தார்கள், அவர்களைத் தள்ளி வைத்தார்கள். நில உரிமை குறித்த அவர்களுடைய கோரிக்கை நம் காலத்திலும் பேச்சுவார்த்தை மேசையில் இருக்கிறது. தாம்சன் ஓட்டிய கனூ படகே அந்த மக்களின் கண்டுபிடிப்பு. அவருடைய ஓவியங்களில் அவர்கள் இல்லை என்பதையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

'குழு ஏழு' ஓவியர்களில் அவரும் ஒருவர்தானே?

இல்லை. கனடிய நிலக்காட்சி ஓவியர்களின் அந்தக் குழு (Group of Seven) 1920-இல் தொடங்கியது, தாம்சன் இறந்து மூன்று வருடம் கழித்து. கார்மைக்கேல், ஹாரிஸ், ஏ. ஒய். ஜாக்சன், ஜான்ஸ்டன், லிஸ்மர், மக்டொனால்டு, வார்லி என்ற ஏழு பேர் அதில். அத்தனை பேரும் தாம்சனின் நண்பர்கள். 1914 இலையுதிர் காலத்தில் ஜாக்சன், லிஸ்மர், வார்லி மூவரும் அவரோடு அல்கொன்கினில் சேர்ந்து வரைந்தார்கள். வண்ணம் தீட்டும் நுட்பத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே இவர்கள்தான், முக்கியமாக பாரிஸில் படித்த ஜாக்சன். காட்டை அவர்களுக்குக் காட்டியவர் தாம்சன். போர் வந்து ஜாக்சன் ராணுவத்துக்குப் போன பிறகு, தாம்சன் தனியாகவே மேலே போய்விட்டார்.

ஸ்காண்டிநேவிய ஓவியர்களின் தாக்கம் உண்டா?

உண்டு, ஆனால் சுற்றி வந்தது. 1913 ஜனவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்த ஸ்காண்டிநேவிய ஓவியக் கண்காட்சியை ஹாரிஸும் மக்டொனால்டும் போய்ப் பார்த்தார்கள். பனியும் ஸ்புரூஸும் ஏரியும் இவ்வளவு கம்பீரமாக வரையத்தக்கவையா என்று பரவசத்தோடு திரும்பினார்கள். தாம்சன் அந்தப் பயணத்தில் இல்லை, நண்பர்கள் பேசியதைக் கேட்டார்.

ஆள் எப்படி?

உயரமானவர், அதிகம் பேசாதவர். மேண்டலின் வாசிப்பார். தூண்டில் இரைகளைத் தானே செய்துகொள்வார், மீன்பிடிப்பதில் கெட்டிக்காரர். தன் படகுக்குச் சாதாரண வண்ணம் பிடிக்காமல், கலைஞர்கள் பயன்படுத்தும் விலையுயர்ந்த நீலத்தைக் கலந்து புறாச் சாம்பல் நிறம் பூசிக்கொண்டாராம். யாராவது ஒரு பலகையைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிடுவார்.

எப்படி இறந்தார்?

1917 ஜூலை 8 அன்று கனூ ஏரியில் தனியாகப் படகில் கிளம்பினார். படகு மட்டும் மிதந்து கிடைத்தது. எட்டு நாள் கழித்து, 16-ஆம் தேதி, உடல் மேலே வந்தது. நெற்றிப்பொட்டில் காயம் இருந்தது, கணுக்காலில் தூண்டில் நூல் சுற்றியிருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த ஒரு மருத்துவர் உடலைப் பார்த்தார். விபத்தில் மூழ்கி இறந்ததாக மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார்.

அதற்குப் பிறகு நூறு வருடமாக ஊகங்கள்: சண்டை, கடன், காதல், தற்கொலை, கொலை. எதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. பெயர் சொல்லிக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லாரும் பதில் சொல்ல முடியாத இறந்தவர்கள், அதனால் அந்தப் பெயர்களை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஓவியக்கூடத்தில் என்னோடு வருபவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதும் குரலைத் தாழ்த்துவார்கள், கண் விரியும். எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரே ஒரு பகல் பொழுதைப் பற்றிய கதை, ஐந்து வருட உழைப்பை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

கல்லறை எங்கே? இரண்டு இடம் என்கிறார்களே?

முதலில் கனூ ஏரிக்கரையில் மோவாட் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் ஓரிரு நாளில் உடலைத் தோண்டியெடுத்து லீத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்ததாகப் பதிவு. 1956-இல் நான்கு பேர் மோவாட் இடுகாட்டில் தோண்டியபோது ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. ஆய்வு செய்த நிபுணர்கள் அது தாம்சனுடையது அல்ல, ஒரு பூர்வகுடி ஆணுடையது என்றார்கள். அதன்பிறகும் சந்தேகம் தீரவில்லை. குடும்பம் நம்பும் கல்லறை லீத்தில்தான் இருக்கிறது.

நண்பர்கள் எழுப்பிய நினைவுக் கற்குவியல் வேறு. 1917 செப்டம்பரில் மக்டொனால்டும் ஜே. டபிள்யூ. பீட்டியும் கனூ ஏரியில், தாம்சன் அடிக்கடி கூடாரம் போட்ட முனையில் அதைக் கட்டினார்கள். அதிலுள்ள பித்தளைத் தகட்டின் வாசகம் மக்டொனால்டு எழுதியது. காட்டோடு எளிமையாகவும் தீவிரமாகவும் வாழ்ந்தவர் என்று அது சொல்கிறது.

பலகைகளின் மேல் '1917' முத்திரை இருக்கிறதே, எல்லாம் அந்த வருடம் வரைந்தவையா?

இல்லை. அவர் இறந்த பிறகு, கையெழுத்தில்லாமல் கிடந்த பலகைகளை அடையாளப்படுத்த மக்டொனால்டு ஒரு முத்திரை வடிவமைத்தார். கலவைத்தட்டு வடிவமும் தாம்சனின் முதலெழுத்துகளும் வருடமும் சேர்ந்த முத்திரை. அது இறந்த வருடம், வரைந்த வருடம் அல்ல. தலைப்புகளிலும் கவனம் வேண்டும். பெரும்பாலான பலகைகளுக்கு அவர் பெயரே வைக்கவில்லை, நண்பர்களும் கலைக்கூடங்களும் பின்னால் வைத்தவை அவை.

இன்று என்ன விலை?

'வசந்தத் தொடக்கம், கனூ ஏரி' என்ற சிறிய பலகை 2009-இல் ஏலத்தில் 27 லட்சம் கனடிய டாலருக்கு மேல் போனது. விலை ஏறியதும் போலிகளும் பெருகின. பழைய வீட்டு நிலவறையில் கிடைத்தது என்று யாராவது ஒன்றைக் காட்டினால், வாங்குமுன் வண்ணத்தையும் மரத்தையும் சோதிக்கத் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

ஓவியங்களை நேரில் எங்கே பார்க்கலாம்?

டொராண்டோவில் ஆர்ட் கேலரி ஆஃப் ஒன்டாரியோ. 'மேற்குக் காற்று' இங்கேதான், பலகைகளும் நிறைய. ஆட்டவாவில் கனடா தேசியக் கலைக்கூடம். 'ஜாக் பைன்', 'வட ஆறு' இரண்டும் அங்கே. 'வடநாட்டில்' மான்ட்ரியால் நுண்கலைக் கூடத்தில். கிளைன்பர்க்கில் உள்ள மக்மைக்கேல் கலைக்கூடத்தில் ஓவியங்களோடு, தாம்சன் வேலை செய்த அந்த ஒரு டாலர் மரக்கொட்டகையையும் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஓவன் சவுண்டில் அவர் பெயரிலேயே ஒரு கலைக்கூடம் 1967 முதல் இருக்கிறது. அதே 1967-இல் 'ஜாக் பைன்' பத்து சென்ட் தபால் தலையாகவும் வந்தது.

ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் இருக்கும் நம் குடும்பங்களுக்குக் கிளைன்பர்க் அரை நாள் வேலைதான். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். சிறிய பலகைகள் குழந்தைகளின் கண்ணுக்கு மிக எளிதில் பிடிபடுகின்றன, பெரியவர்களுக்குத்தான் கொஞ்சம் நேரம் ஆகிறது.

கனூ ஏரிக்கே போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். அறுபதாம் எண் நெடுஞ்சாலையில் பூங்காவின் மேற்கு வாசலிலிருந்து சுமார் 14 கிலோமீட்டரில் கனூ ஏரிக்குத் திரும்பும் வழி. படகு வாடகைக்குக் கிடைக்கும். நினைவுக் கற்குவியலுக்குத் துடுப்புப் போட்டுத்தான் போக வேண்டும். உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள், மதியத்துக்கு மேல் காற்று எழுந்தால் ஏரி சட்டென்று முகம் மாறும். மே கடைசியிலும் ஜூனிலும் கறுப்பு ஈக்களும் கொசுவும் பிடுங்கியெடுக்கும். செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் வாரமும் மேப்பிள் சிவக்கும் நேரம், கூட்டமும் அப்போதுதான் அதிகம். பூங்காவுக்குள் போக முன்பதிவு செய்துவிடுங்கள்.

நான் போவது அக்டோபர் கடைசியில். மேப்பிள் இலையெல்லாம் கொட்டியிருக்கும், டாமராக் மரங்கள் மட்டும் மஞ்சளாக நிற்கும், சில நாள் முதல் பனி தூறும். சாயங்காலம் நாலரை மணிக்கு எதிர்க்கரை ஊதாவாக மாறும். அந்த ஊதாவைப் பலகையில் பார்த்தபோது மிகைப்படுத்தி வரைந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அப்படியே இருந்தது.